அணிந்துரை: தோற்றமும் வளர்ச்சியும் பக்க எண்ணிக்கையும்

அணிந்துரை எனப்படுவது, ஒருவர் எழுதிய நூலின் முகப்பில் மற்றொருவரால் எழுதப்பட்டு, அந்நூலின் மேன்மையையும் இடையிடையே தம் மேன்மையையும் எடுத்துரைக்கும் உரைநடைப் பகுதியாகும். வாழ்த்துரை, நட்புரை முதலியன இதன் கிளைகள். பதிப்பாளர் எழுதுவது பதிப்புரை என்றும், நூலாசிரியர் தாமே எழுதுவது என்னுரை என்றும் வழங்கப்பெறும். சிறுகதைக்கும் புதுக்கவிதைக்கும் ஆய்வு நூல்கள் அடுக்கடுக்காக வெளிவந்திருக்க, அந்த ஆய்வு நூல்களின் தொடக்கத்திலேயே தவறாமல் இடம்பெற்றுவிடும் இவ்வகைமை மட்டும் ஆய்வாளர் கண்ணில் படாமற்போனதற்கு, அவர்களும் ஏனையோரைப் போலவே அப்பக்கங்களைத் தள்ளிவிட்டு நேரே முதல் இயலுக்குப் போனதே காரணம் எனக் கருத இடமுண்டு.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், பாயிரத்துக்குரிய மறுபெயர்களுள் ஒன்றாகவே அணிந்துரையைச் சொல்லி, எத்தனை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலே அன்று என்றும் அறுதியிட்டுவிடுகிறது. இதை எழுதத் தக்கவர் யார் என்பதிலும் அவ்விலக்கணம் கறாரானது: நூலாசிரியரின் ஆசிரியர், அவருடன் கற்றவர், அவருடைய மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் என நால்வரே அதற்கு உரியர். தொல்காப்பியத்துக்குச் சிறப்புப்பாயிரம் பாடிய பனம்பாரனார், தொல்காப்பியருடன் ஒருங்கு பயின்றவர் என்பது உரையாசிரியர்கள் கூறும் மரபு. இந்நால்வரையும் இணைப்பது, நூலைப் படித்தே தீரவேண்டிய நிலையில் உள்ளவர்கள் என்பதுதான். ஆசிரியர் திருத்துவதற்காகவும், உடன் கற்றவர் பொறாமையாலும், மாணாக்கர் வேறு வழியின்றியும், உரைகாரர் பிழைப்புக்காகவும் அதைப் படித்திருப்பர். இக்காலத்தில் இப்பட்டியலுடன் ஓய்வுபெற்ற நீதிபதி, பணியிலிருக்கும் ஆட்சியர், திரைப்பட இயக்குநர், நூலாசிரியரின் முழங்காலுக்கு மருத்துவம் பார்த்தவர் ஆகியோரும் சேர்ந்துகொண்டமையால், படித்திருத்தல் என்னும் தகுதி தானாகவே நெகிழ்ந்துவிட்டது.

சிறப்புப்பாயிரம் நூலாசிரியர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும் சொல்லவேண்டும் என்பது நன்னூல் விதி. இவற்றுள் பெயர்கள் இரண்டும் இன்றும் பிழையின்றிக் கூறப்படுகின்றன. நூலாசிரியர் பெயரின் தலைப்பெழுத்து மட்டும் சில வேளைகளில் மாறிவிடும். ‘வழி’ என்பது முதல் நூலா, வழி நூலா என்பதைக் குறித்த நிலை மாறி, கையெழுத்துப்படி யார் வழியாக, எந்தப் பொதுநண்பரின் சிபாரிசுடன் வந்து சேர்ந்தது என்பதைக் குறிக்கலாயிற்று. பயன் ஒன்றே குறைவின்றி வளர்ந்துள்ளது. அறுபது பக்கக் கவிதைத் தொகுப்பு ஒவ்வோர் இல்லத்திலும் இருக்கவேண்டிய கருவூலம் என்ற நிலையை அது எட்டியிருக்கிறது.

பாயிரத்தை மாநகருக்குக் கோபுரம் போன்றது எனவும் நன்னூல் உவமிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறைமேல் எழும்பிய விமானமே ஓங்கி நிற்க, பிற்காலக் கோயில்களில் வாயிற்கோபுரங்கள் வானளாவ வளர்ந்து விமானங்கள் சிறுத்துப்போன கட்டடக்கலை வரலாற்றை அறிந்தோர்க்கு, நான்கு அணிந்துரைகளுக்கும் மூன்று வாழ்த்துரைகளுக்கும் பின்னே ஒதுங்கி நிற்கும் ஹைக்கூத் தொகுப்பு வியப்பளிக்காது.

இனி அதன் உள்ளமைப்பைக் காணலாம். முதற்பத்தி, நூலாசிரியரை அணிந்துரையாளர் எவ்வாறு அறிவார் என்பதையும், இரண்டாம் பத்தி, அணிந்துரையாளரை உலகம் எவ்வாறு அறியும் என்பதையும் விளக்கும். மூன்றாம் பத்தியில்தான் நூல் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அங்கே கையாளப்படும் நெறியைப் ‘பொருளடக்க நெறி’ எனலாம். அதாவது, பொருளடக்கத்திலுள்ள தலைப்புகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றன் பின்னும் ‘என்ற கட்டுரை சிந்திக்க வைக்கிறது’, ‘என்ற கதை நெஞ்சைத் தொடுகிறது’ என வினைமுற்றை மாற்றி மாற்றிச் சேர்ப்பது. இதன் உடன்பிறப்பு ‘ஓரிடத்தில்’ என்னும் சொல். ஆசிரியர் ஓரிடத்தில் குறிப்பிடுவதாகக் கூறப்படும் அந்த இடம் நூலின் முதல் இருபது பக்கங்களுக்குள் அமைவதே பெரும்பான்மை என்பதை, வீட்டு அலமாரியில் உள்ள எந்த ஐந்து நூல்களைக் கொண்டும் வாசகர் சோதித்துக்கொள்ளலாம். அதைத் தொடர்ந்து ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழி வந்துவிடுமாயின், பானை அத்துடன் மூடப்பட்டது என்று பொருள்.

‘ஒரே மூச்சில் படித்து முடித்தேன்’ என்னும் தொடர் தனியே கருதத்தக்கது. இதனை அளவைச் சொல்லாகக் கொண்டால், அறுபது பக்கத் தொகுப்பும் அறுநூறு பக்க நாவலும் ஒரே மூச்சுக்குள் அடங்குவதால், மூச்சு என்பது பக்க எண்ணிக்கையைச் சாராத அளவை என்பது பெறப்படும். உடலியல் நோக்கில் இது நிகழக்கூடியதன்று எனினும், புரட்டுதலையும் படித்தலையும் ஒன்றாகக் கொள்வோர்க்கு எளிதில் கைகூடும். இறுதிப்பத்தி, ஆசிரியர் இன்னும் பல நூல்களை எழுதித் தமிழன்னைக்கு அணி சேர்க்க வேண்டும் என்ற வேண்டுகோளுடன் முடியும். அந்நூல்களுக்கும் அணிந்துரை கேட்டுத் தம்மிடமே வருவார்களே என்னும் கலக்கம் எங்கும் பதிவு பெறவில்லை.

பருவ நோக்கில் அணிந்துரை மார்கழிக்கு உரியது. 1977இல் அண்ணா சாலையிலுள்ள மதரசா பள்ளி வளாகத்தில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, பொங்கலை ஒட்டி நடப்பது என நிலைபெற்றுவிட்டதால், ஆண்டு முழுதும் உறங்கிய கையெழுத்துப்படிகள் அனைத்தும் டிசம்பரில் ஸ்பைரல் பைண்டிங் செய்யப்பட்டு அணிந்துரையாளர்களின் மேசைக்கு வந்து சேர்கின்றன. அட்டை அச்சாகிவிட்டது, அச்சகத்தில் இடம் பிடித்தாகிவிட்டது, வரும் வெள்ளிக்குள் இரண்டு பக்கம் போதும் என்று தொலைபேசியில் சொல்லப்படும் நிலையில், குறை சொல்லும் அணிந்துரை ஒன்று தோன்றுவதற்கு நாட்காட்டியே இடந்தருவதில்லை.

அணிந்துரையை யார் படிக்கிறார்கள் என்ற வினாவுக்கு விடை காணக் கிளை நூலகப் பிரதிகளே தக்க சான்று. பலர் கைபட்ட நாவல் ஒன்றை எடுத்துப் பார்த்தால், பக்கத்தின் கீழ்மூலையில் எச்சில் தொட்டுப் புரட்டிய விரலின் பழுப்புக் கறை முதல் அத்தியாயத்தில் தொடங்கி, கதை சூடுபிடிக்கும் இடங்களில் அடர்ந்து, முடிவுவரை தொடர்ந்திருப்பதையும், அணிந்துரைப் பக்கங்கள் மட்டும் அச்சகத்திலிருந்து வந்த வெண்மையுடன் விளங்குவதையும் காணலாம். வாசகர் படிப்பதில்லை; விமர்சகர் தம் கருத்தும் அதுவாகவே அமைந்துவிடுமோ என அஞ்சித் தவிர்க்கிறார்; மெய்ப்புத் திருத்துபவர், அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பவர், பெரியவர் எழுதியதில் கைவைக்கலாகாது என்று விட்டுவிடுகிறார். எஞ்சுபவர் நூலாசிரியர் ஒருவரே. அவர் அதனைப் பலமுறை படிக்கிறார். சில வரிகள் அவருக்கு மனப்பாடம். ஆகவே அணிந்துரை என்பது நூலாசிரியருக்கு எழுதப்பட்டு, அவர் செலவிலேயே பல நூறு பிரதிகள் அச்சிடப்படும் தனிக்கடிதம் என வரையறுப்பதே பொருத்தம். அவ்வாறு கொண்டால் அதிலுள்ள மிகைகள் எல்லாம் குற்றமாகா. கடிதத்தில் நலம் விசாரிப்பதற்கு ஆதாரம் கேட்பார் இல்லை.

விதிவிலக்குகள் உண்டு, அவை பெரும்பாலும் பிறர் தந்த அணிந்துரைகளாக இல்லாமல், உழைத்தவரே எழுதிய முன்னுரைகளாக இருப்பது தற்செயலன்று. சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் வெளியிட்ட கலித்தொகையின் பதிப்புரையில், தொட்டால் ஓரம் உதிர்ந்தும் கட்டவிழ்த்தால் ஒடிந்தும் போகும் ஏடுகளுடன் பட்ட பாட்டைச் சொல்லியிருப்பதைப் படிக்கத் தொடங்கியவர், கலித்தொகையையே மறந்துபோவதும் உண்டு. அதே ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையரின் முகவுரைகள் இன்றளவும் தேடிப் படிக்கப்படுகின்றன. ஜெயகாந்தனின் முன்னுரைகள் கதைகளுக்கு நிகராகப் பேசப்பட்டன. இவர்களுள் எவரும் எதையும் ஒரே மூச்சில் முடித்ததாகத் தெரியவில்லை.

எஞ்சியிருப்பது, எவரும் படிக்காத இப்பகுதி அழியாமல் நீடிப்பது எவ்வாறு என்பது. இதற்கான விடை இலக்கியத்தில் இல்லை, அச்சகத்தில் இருக்கிறது. நூல் பக்கம் பக்கமாக அன்றி ஃபாரம் ஃபாரமாகவே அச்சாகிறது; ஃபாரம் என்பது ஒரு தாளின் இருபுறமும் அச்சிட்டு மடித்தால் கிடைக்கும் 16 பக்கங்களின் தொகுதி. தலைப்புப் பக்கமும் பொருளடக்கமும் உட்பட ஒரு நூல் 154 பக்கங்களில் முடிந்துவிட்டால், பத்து ஃபாரத்தை நிறைக்க இன்னும் 6 பக்கங்கள் வேண்டும். அவற்றை வெறுமையாக விட்டால் வாங்குபவர் முணுமுணுப்பார். ‘எமது பிற வெளியீடுகள்’ என்று பட்டியல் போடலாமெனில், புதிய பதிப்பகத்துக்குப் பிற வெளியீடுகள் இரா. அந்நிலையில்தான் பதிப்பாளர் நூலாசிரியரை அழைத்து, தெரிந்த பெரியவர் எவரேனும் உண்டா என வினவுகிறார். பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும்போது ஃபாரக் கணக்கை வைத்தே விலை நிர்ணயிக்கும் வழக்கமும் இருந்து வந்துள்ளமையால், நீதிபதியின் புகழுரைக்கும் நாவலின் உச்சக்கட்டத்துக்கும் பக்கத்துக்கு ஒரே விலைதான் கிடைத்திருக்கிறது. 6 பக்கங்களுக்குப் பதிலாக அவர் 9 பக்கங்கள் எழுதித் தந்துவிட்டாலோ, குறைக்கச் சொல்லும் துணிவு எவர்க்கும் இல்லாததால், நாவலின் கடைசி அத்தியாயத்தில் மூன்று பக்கங்கள் வெட்டப்படுகின்றன.