ஹாலந்துக் கடிதம்: வெங்காயத்தோடு ஒரு வெற்றி விழா

நெதர்லாந்தில் புத்தாண்டு எண்ணெய்ச் சட்டியில் பிறக்கிறது. டிசம்பர் 31 அன்று தெருமுனை வண்டிகளில் 'ஒலிபொல்' மலைமலையாகப் பொரிகிறது. புளிக்கவைத்த மைதா மாவில் உலர்திராட்சை போட்டு உருட்டிய இனிப்புப் போண்டா அது; மேலே சர்க்கரைத் தூள். தின்றது செரிக்க வேண்டுமே என்றோ என்னவோ, மறுநாள் நண்பகலில் ஸ்கெவனிங்கன் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் நீச்சலுடையும் ஆரஞ்சுக் குல்லாயுமாக வடகடலுக்குள் ஓடுகிறார்கள். ஜனவரி மாதத்து வடகடல்! வேண்டுதல் எதுவும் கிடையாது. போன வேகத்திலேயே அலறிக்கொண்டு திரும்பி, சூடான சூப்பைத் தேடுகிறார்கள்.

குளிர்காலத்தின் பெரிய விழாவுக்குத் தேதி இல்லை. ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் பதினோரு ஊர்களைச் சுற்றி, உறைந்த கால்வாய்களில் சறுக்கியபடியே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும் பந்தயம் அது. வழி நெடுகப் பனிக்கட்டி 15 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால்தான் அனுமதி. 1909 முதல் இதுவரை 15 முறைதான் நடந்திருக்கிறது. கடைசியாக 1997 ஜனவரி 4 அன்று. 1963-இல், போட்டி வீரர்கள் நீங்கலாகக் கிளம்பிய ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேரில் முடித்தவர்கள் 69 பேர். 1986-இல், இப்போது மன்னராக இருக்கும் வில்லெம்-அலெக்சாண்டர் வேறு பெயரில் ஓடி முடித்தார். இன்றும் நாலு நாள் சேர்ந்தாற்போல் குளிரினால் போதும், பத்திரிகைகள் பனிக்கட்டியை அளக்கக் கிளம்பிவிடுகின்றன. மழை பெய்து எல்லாம் கரைந்ததும் நாடே இழவு வீடாகிவிடும்.

மன்னரின் பிறந்த நாளான ஏப்ரல் 27 அரசு விழா. 2013 வரை ராணி தினம் ஏப்ரல் 30-இல் வந்தது. அது முந்தைய ராணி பெயாட்ரிக்ஸின் பிறந்த நாள் அல்ல. அவர் அம்மா யூலியானாவுடையது. மகள் பிறந்ததோ ஜனவரி 31. அந்தக் குளிரில் தெருவில் யார் கூடுவார்கள் என்று அம்மாவின் நாளையே வைத்துக்கொண்டார்கள். கூடுவது வாழ்த்துச் சொல்ல மட்டுமல்ல, வியாபாரத்துக்கும்தான். அன்று ஒருநாள் யார் வேண்டுமானாலும் தெருவில் கடை விரிக்கலாம். உரிமம் வேண்டாம், வரியும் இல்லை. வீட்டு வாசலில் போர்வை விரித்து, கைப்பிடி உடைந்த கோப்பை, போன வருடம் இதே தெருவில் வாங்கிய பொம்மை, ஒரு துண்டு குறைகிற புதிர்ப்படம் என்று பரப்பி வைக்கிறார்கள். பக்கத்தில் ஏழு வயதுப் பையன் வயலினை அறுத்துக்கொண்டிருப்பான். காசு போட்டால் தொடர்ந்து வாசிப்பான். எனவே யோசித்துப் போட வேண்டும்.

குடிமக்களின் பிறந்த நாட்களுக்கும் ஒழுங்குமுறை உண்டு. உற்றார் உறவினர் பிறந்த நாட்களெல்லாம் எழுதிய காலண்டர் வீட்டுக் கழிவறைச் சுவரில் தொங்கும். தினமும் தவறாமல் கண்ணில் படும் இடம் அதுதான் என்பது வாதம், மறுக்க முடியவில்லை. விழா என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்வார்கள். உள்ளே வருபவர் பிறந்த நாள்காரரை மட்டுமல்லாமல் அவருடைய மாமியார், மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர் வரை ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வாழ்த்த வேண்டும். பிறகு ஒரு காப்பி, ஒரு துண்டு கேக். இரண்டாம் துண்டை எதிர்பார்ப்பவர் புதிதாகக் குடியேறியவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

மே 4 இரவு 8 மணிக்கு வேடிக்கையெல்லாம் நின்றுவிடும். இரண்டாம் உலகப் போரிலும் அதன் பின்னும் மாண்டோருக்காக இரண்டு நிமிட மௌனம். டிராம்கள் வழியிலேயே நிற்கும். ஆம்ஸ்டர்டாம் டாம் சதுக்கத்தில் மன்னர் மலர்வளையம் வைப்பார். மறுநாள் மே 5, 1945-இல் ஜெர்மானியப் பிடியிலிருந்து விடுபட்ட நாள். ஊருக்கு ஊர் இசை விழா. ஆனால் சம்பளத்துடன் விடுமுறை பெரும்பாலோருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான். சுதந்திரத்தைக்கூடத் தவணையில்தான் கொண்டாடுகிறார்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு வீட்டு மாடியில் தேசியக் கொடியும், அதன் கம்பத்தில் பழைய பள்ளிப் பையும் தொங்கினால், அந்த வீட்டுப் பிள்ளை பள்ளியிறுதித் தேர்வில் தேறிவிட்டது என்று பொருள். மதிப்பெண் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

ஜூலை 1 கனமான நாள். 1863-இல் அன்றுதான் சுரினாமிலும் கரீபியத் தீவுகளிலும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. சுரினாமில் விடுதலையானவர்கள் மேலும் பத்தாண்டு தோட்டங்களிலேயே உழைக்க வேண்டியிருந்தது. 2023-இல் அதே நாளில் மன்னர் மன்னிப்புக் கேட்டார். இதில் தமிழர் கதையும் உண்டு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியிருந்த 17-ஆம் நூற்றாண்டில், பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் அடிமைகளாகக் கப்பலேறினார்கள்.

ஆண்டின் உச்சம் அக்டோபர் 3. லெய்டன் நகரத்துக்கு மட்டுமே உரிய விழா, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்தது. 1574-இல் ஸ்பானியப் படை நகரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. பசியிலும் கொள்ளைநோயிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சரணடையச் சொல்லி மக்கள் நெருக்கியபோது, மேயர் வான் டெர் வெர்ஃப் 'என் கையை வெட்டித் தின்னுங்கள்' என்று நீட்டினாராம். சிபிச் சக்கரவர்த்தியை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஸ்பெயினை எதிர்த்துக் கிளர்ந்த டச்சுக்காரர்களின் தலைவர் வில்லியம் ஆஃப் ஆரஞ்சின் ஆட்கள் கடலணைகளை வெட்டிவிட, வயல்வெளியில் நீர் ஏறியது. படகுகள் நகரை நெருங்கின. ஸ்பானியர்கள் இரவோடிரவாக ஓடினார்கள். அவர்கள் விட்டுப்போன பாசறையில் ஓர் அனாதைச் சிறுவன் ஒரு பானைக் கூட்டைக் கண்டெடுத்தான் என்பது கதை. படகுகளில் வந்தவை ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும்.

இன்றும் அன்று காலை பழைய எடைக்கூடத்தில் மீனும் ரொட்டியும் ஊர்மக்களுக்கு வழங்கப்படுகின்றன. மீன் அடுப்பைக் கண்டதில்லை. உப்பு மட்டும் கண்டது. மேலே பொடியாக நறுக்கிய வெங்காயம். சைவர்கள் ரொட்டியோடு நிறுத்திக்கொண்டு, மீனை நண்பருக்குத் தந்து நல்ல பெயர் வாங்கலாம். மாலையில் அந்தப் பானைக் கூட்டின் நினைவாக வீட்டுக்கு வீடு 'ஹுட்ஸ்பாட்': கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றையும் வேகவைத்து மசித்தது. முற்றுகைக் காலத்தில் இங்கே உருளைக்கிழங்கே கிடையாது. அதைச் சொன்னால் லெய்டன்காரர்களுக்குப் பிடிப்பதில்லை. அக்டோபர் 3 ஞாயிறாக இருந்தால் விழா திங்களுக்குத் தள்ளிப்போகும்.

தாக்குப்பிடித்ததற்குப் பரிசாக 1575 பிப்ரவரி 8 அன்று நகருக்கு ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது. அதன் சாசனம் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் பெயரிலேயே எழுதப்பட்டது! நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தியைச் சொல்லும் 21 செப்பேடுகள் 19-ஆம் நூற்றாண்டில் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான்; 'லெய்டன் செப்பேடுகள்' என்ற பெயர் அப்படி வந்தது.

டிசம்பர் 5 இரவு குழந்தைகளுக்குப் பரிசு வழங்கும் சின்டெர்கிளாஸ் பெரியவர், எண்பதாண்டு போரிட்ட அதே ஸ்பெயினிலிருந்து கப்பலில் வருவதாக ஐதீகம். உடன்வரும் உதவியாளர்கள் முகத்தில் கரி பூசுவது பெரிய சண்டையாகி, பல ஊர்களில் இப்போது புகைக்கரித் தீற்றலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெரியவர்கள் பரிசோடு, வாங்குபவரைக் கிண்டல் செய்து எதுகையில் ஒரு பாட்டும் எழுதி வைக்க வேண்டும். பெயரின் முதலெழுத்தில் வார்த்த சாக்லேட்டும் உண்டு. 'எம்' எழுத்துக்காரருக்கு அதிகமும் 'ஐ' எழுத்துக்காரருக்குக் குறைவும் கிடைக்கும் என்று யாரும் பொறாமைப்பட வேண்டாம். 'ஐ' எழுத்தைத் தடிமனாக வார்த்து எடையைச் சரிக்கட்டிவிடுகிறார்கள்.