ஐந்தாண்டு என்றால் எத்தனை ஆண்டு?

பெறுநர்: உள்துறை அமைச்சகம், இந்திய அரசு, புது தில்லி.

பொருள்: ஆளுநர் பதவிக்கு முடிவுத் தேதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: இந்திய அரசமைப்புச் சட்டம், பிரிவு 156.

ஐயா,

ஆளுநர்களை நியமிப்பவர் குடியரசுத் தலைவர் என்பது எனக்குத் தெரியும். அப்படியிருக்க மனுவை எங்களுக்கு ஏன் அனுப்புகிறாய் என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதும் தெரியும்.

நான் வாடகை வீட்டுக்காரன். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்த அன்று வீட்டுக்காரர் வந்து நின்றார். அவருக்கு 156ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவை வாசித்துக் காட்டினேன். ஆளுநரின் பதவிக்காலம் ஐந்தாண்டு. ஆனால் ஐந்தாண்டு முடிந்தாலும் அடுத்தவர் வந்து பொறுப்பேற்கும்வரை அவர் பதவியில் தொடரலாம் என்கிறது அது. "அடுத்த குடித்தனக்காரர் வந்து சாமான் இறக்கும்வரை நானும் இருக்கிறேன் சார், நாட்டின் அரசமைப்பே இப்படித்தான் இருக்கிறது" என்றேன். அவர் சட்டம் படித்தவர் இல்லை. நேரே போய்ப் பூட்டு வாங்கி வந்துவிட்டார்.

அடுத்த குடித்தனக்காரரைத் தேடிப்பிடிக்கும் பொறுப்பு யாருக்கு, எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை. ராஷ்டிரபதி பவனிலிருந்து வரும் நியமன அறிவிப்பைப் பாருங்கள். இன்னார் இன்ன மாநிலத்துக்கு என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். இந்த நியமனங்கள் பொறுப்பேற்கும் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்று கடைசியில் ஒரு வாக்கியம் இருக்கும். தொடங்கும் நாள் தெரிந்துவிடும். முடியும் நாளுக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. பால் பாக்கெட்டில்கூட அச்சடிக்கிறார்கள், ஐயா.

முடியும் நாள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஈ.எஸ்.எல். நரசிம்மன் ஒருவரே போதும். உளவுத் துறையின் தலைவராக இருந்தவர். 2007 ஜனவரியில் சத்தீஸ்கர் ஆளுநரானார். 2009 டிசம்பரில் ஆந்திரத்துக்கு வந்தார். 2014இல் தெலங்கானா பிறந்தது. மாநிலம் இரண்டாகப் பிரிந்தது, ஆளுநர் பிரியவில்லை. இரண்டுக்கும் அவரே. காங்கிரஸ் ஆட்சியில் வந்தவர், பாஜக ஆட்சியிலும் இருந்து 2019இல்தான் விடைபெற்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். இவற்றில் எந்த மாநில மக்களும் அவருக்கு ஓட்டுப் போட்டதில்லை. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களை அவர் வரிசையாகப் பதவியேற்க வைத்துக்கொண்டிருந்தார். ஆரிப் முகமது கானின் ஐந்தாண்டு கேரளத்தில் 2024 செப்டம்பரில் முடிந்தது. அதன்பிறகும் அங்கேயே இருந்து, 2025 ஜனவரியில் பீகாருக்குப் போனார். எங்கள் சென்னையிலும் சுர்ஜித் சிங் பர்னாலா 2004 நவம்பர் முதல் 2011 ஆகஸ்ட் வரை இருந்தார். மனிதர் நல்லவர், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்படியானால் ஆளுநர்களுக்கு ஐந்தாண்டுக்கு மேல்தான் கிடைக்குமா என்றால், அதுவும் இல்லை. அதே 156இன் முதல் உட்பிரிவு, குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரைதான் பதவி என்கிறது. அந்த விருப்பம் எந்த அலுவலகத்தில் தட்டச்சாகிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1980இல் தமிழக ஆளுநர் பிரபுதாஸ் பட்வாரியை இந்திரா அரசு நீக்கியது. 2004இல் மன்மோகன் சிங் அரசு உத்தரப் பிரதேசம், குஜராத், ஹரியாணா, கோவா ஆளுநர்களை ஒரே மூச்சில் அனுப்பியது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், மத்தியில் ஆட்சி மாறியது என்பதற்காக மட்டும் ஆளுநரை நீக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தார்கள்.

தீர்ப்பைத் தங்கள் அமைச்சகம் கவனமாகப் படித்தது என்றே நம்புகிறேன். நீக்கக்கூடாது என்றுதானே இருக்கிறது, தொலைபேசியில் பேசக்கூடாது என்று இல்லையே. 2014இல் ஆட்சி மாறியதும் ராஜினாமா செய்யச் சொல்லி உள்துறைச் செயலரிடமிருந்து அழைப்பு வந்ததாக உத்தராகண்ட் ஆளுநர் அஜீஸ் குரேஷி உச்ச நீதிமன்றத்துக்கே போனார். பிறகு அவர் மிசோரமுக்கு மாற்றப்பட்டார், 2015இல் நீக்கப்பட்டார். குஜராத்திலிருந்த கமலா பெனிவாலும் மிசோரமுக்கே மாற்றப்பட்டார்; பதவிக்காலம் முடிய சில மாதங்களே இருந்தபோது நீக்கப்பட்டார். மகாராஷ்டிரத்திலிருந்த சங்கரநாராயணன், மிசோரம் என்றதும் ராஜினாமாவே மேல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மிசோரம் மக்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டு அதற்குத் தனியாக ஒரு மனு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

ஆக, ஒத்துப்போகிறவருக்கு ஐந்தாண்டு என்பது பத்தும் பன்னிரண்டும் ஆகும். ஒத்துப்போகாதவருக்கு ஐந்து மாதம்கூடப் பெரிது. பர்னாலா கதைக்கு வருகிறேன். 1991 ஜனவரியில் கருணாநிதி ஆட்சியைக் கலைக்க அறிக்கை கேட்டபோது கொடுக்க மறுத்தவர் அவர். அறிக்கை இல்லாமலேயே ஆட்சி கலைந்தது. அவரைப் பீகாருக்கு மாற்றினார்கள். போகாமல் பதவியைத் துறந்தார். மனசாட்சிப்படி நடந்த அந்த முதல் முறை அவருக்கு ஒரு வருடம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. தொந்தரவில்லாத இரண்டாவது முறைதான் ஏறத்தாழ ஏழு ஆண்டு.

சம்பளத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. மாதம் மூன்றரை லட்சம். வெயிலுக்கு ஊட்டியிலும் ஒரு மாளிகை. கிண்டி மாளிகை வளாகம் ஏறத்தாழ 156 ஏக்கர் என்கிறார்கள். பிரிவும் 156. தற்செயல்தான், ஆனாலும் கண்ணில் படுகிறது. அங்கே மேயும் மான்களுக்கும் பதவிக்காலம் கிடையாது. அவை எந்த மசோதாவையும் வைத்துக்கொண்டு உட்காருவதில்லை என்பதால் அவற்றின்மேல் எனக்குப் புகார் இல்லை.

மசோதா என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் சட்டமன்றம் அனுப்பியவற்றில் சில 2020 தொடங்கி மாளிகையில் காத்துக் கிடந்தன. பத்து மசோதாக்கள் 2023 நவம்பரில் திரும்பி வந்தன. சட்டமன்றம் அவற்றை மறுபடி நிறைவேற்றி அனுப்பியதும் அவை குடியரசுத் தலைவருக்குப் போயின. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆளுநருக்குக் காலக்கெடு விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. தலைவணங்குகிறேன். ஆனால் கணக்கு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்: மசோதாவுக்கும் கெடு இல்லை, அதைக் கையில் வைத்திருப்பவருக்கும் கெடு இல்லை. எல்லாம் சேர்த்து ஐந்தாண்டில் முடிய வேண்டியது, ஓட்டு வாங்கி வந்த சட்டமன்றத்தின் ஆயுள் மட்டும்தான். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநில ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரேகூட அடுத்தடுத்து இரண்டாம் முறை நிற்க முடியாது. நமக்கோ ஓட்டும் கிடையாது, தடையும் கிடையாது.

வருடக் கணக்கைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஆளுநர் மாளிகையில் இருப்பவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதுதான் அது. ஜெகதீப் தன்கர் மேற்கு வங்க ஆளுநராக இருந்து 2022இல் துணைக் குடியரசுத் தலைவரானார். எங்கள் ஊர்க்காரர் சி.பி. ராதாகிருஷ்ணன் ஜார்க்கண்ட், மகாராஷ்டிரம் வழியாக 2025இல் அதே நாற்காலிக்கு வந்தார். தமிழிசை சௌந்தரராஜன் 2024இல் தெலங்கானா ஆளுநர் பதவியை விட்டுவிட்டுத் தென்சென்னையில் ஓட்டுக் கேட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த அப்துல் நசீர் 2023 ஜனவரியில் ஓய்வுபெற்றார். பிப்ரவரியில் ஆந்திர ஆளுநர். தனித்தனியாக இவர்கள் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த பதவியைத் தரப்போகிறவருக்கும் மாநில அரசுக்கும் தகராறு வந்தால், நடுவில் இருப்பவர் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார் என்று கண்டுபிடிக்க விசாரணைக் கமிஷன் தேவையில்லை.

கமிஷனும் போட்டுப் பார்த்தாயிற்று. 1988இல் சர்க்காரியா, ஓய்வுக்குப் பின் இன்னொரு முறை ஆளுநர், அல்லது குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் இவை தவிர வேறு பதவி கூடாது என்றார். பெரிய கதவுகளைத் திறந்துவைத்துவிட்டுச் சன்னலைச் சாத்தினார் என்பது என் தாழ்மையான கருத்து. 2010இல் பூஞ்சி ஆணையம், விருப்பம் உள்ளவரை என்பதையே எடுத்துவிடுங்கள், ஐந்தாண்டு உறுதி கொடுங்கள், நீக்குவதானால் மாநிலச் சட்டமன்றம் நீக்கட்டும் என்றது. இவர்கள் எல்லோருக்கும் முன்னால், எங்கள் மாநில அரசு நியமித்த ராஜமன்னார் குழு 1971இலேயே வேலையை முடித்துவிட்டது. ஒருவருக்கு ஒரே முறைதான் ஆளுநர் பதவி. அதன்பின் மீண்டும் ஆளுநராகவும் முடியாது, அரசின்கீழ் வேறு பதவியும் கிடையாது. இடையில் நீக்குவதானால் உச்ச நீதிமன்றம் விசாரித்துக் குற்றம் நிரூபணமாக வேண்டும். யாரும் மேலே பார்க்கவும் வேண்டாம், தொலைபேசி மணிக்குப் பயப்படவும் வேண்டாம்.

ஆளுநரே எதற்கு என்ற கேள்வியை நான் எழுப்பவில்லை. அதை அண்ணா, ஆட்டுக்குத் தாடி எதற்கு என்பதோடு சேர்த்துக் கேட்டு முடித்துவிட்டார். என் கோரிக்கை சிறியது. நியமன அறிவிப்பில் முடியும் தேதியை அச்சிடுங்கள். அந்தத் தேதிக்குள் அடுத்தவரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவருக்கு ஒரு முறை என்று 156ஆம் பிரிவைத் திருத்துங்கள். 368ஆம் பிரிவை எடுத்துப் பார்த்தேன்; மாநிலச் சட்டமன்றங்களின் சம்மதம் தேவைப்படும் பிரிவுகளின் பட்டியலில் 156 இல்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் உரிய பெரும்பான்மை கிடைத்தால் போதும். மாநிலங்களைக் கேட்காமலேயே செய்து முடிக்கக்கூடிய காரியம் இது. தங்களுக்குப் பழக்கமான முறைதான் என்பதால், அடுத்த கூட்டத்தொடரிலேயே மசோதா கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாக்காளராகத் தொடரும் ஒருவன்.