எரிமலைக்கு ஒண்ணரை, சாப்பாட்டுக்கு மூணு

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்குப் போனால் ஒருநாள் சுற்றுலா ஒன்றை உங்கள் தலையில் கட்டாமல் விடமாட்டார்கள். காலையில் பொம்பெயி இடிபாடுகள், பிறகு வெசூவியஸ் எரிமலை, கடைசியில் மலையடிவாரத் திராட்சைத் தோட்டத்தில் வைனோடு சாப்பாடு. கொலை நடந்த இடம், கொலைகாரன், கொலைகாரன் வீட்டு விருந்து, மூன்றும் ஒரே டிக்கெட்டில். கி.பி. 79இல் இந்த மலை வெடித்து அந்த ஊரை மூடியது. மலை கக்கிய அதே மண்ணில்தான் அந்த வைனுக்கான திராட்சையும் விளைகிறது. வழக்கு இவ்வளவு சுலபமாக இருக்கும்போது மூன்று நாள் வாய்தா எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

நான், என் மனைவி, அவளுடைய அக்காவான என் மச்சினி, அவருடைய கணவரான என் சகலை என நாலு பேர் கிளம்பினோம். சகலை பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் கூட்டல் சரியா என்று பார்ப்பார். பயண நிரலைப் பார்த்தவர் கொதித்துப் போனார்.

“பொம்பெயிக்கு ரெண்டு மணி நேரம். மலை ஏறி இறங்க ஒண்ணரை. சாப்பாட்டுக்கு மூணா? இவன் சரித்திரம் காட்டறானா, கல்யாணப் பந்தி நடத்தறானா?”

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த நிரல் பிடித்திருந்தது. பொம்பெயி ஜனங்களையே எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்குக்குத்தான் கை தூக்குவார்கள் என்பது என் கட்சி.

வழிகாட்டி அம்மாள் மலையடிவார ஊர் ஒன்றிலேயே பிறந்து வளர்ந்தவர். கையில் ஒரு கம்பு, கம்பின் நுனியில் பிளாஸ்டிக் சூரியகாந்தி. ஆளுக்கொரு காதுப்பொறியை மாட்டிவிட்டு, “பூவைப் பார்த்தே நடங்கள்” என்றார். பொம்பெயி 66 ஹெக்டேர். 1748இலிருந்து தோண்டுகிறார்கள், இன்னும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கடியில் கிடக்கிறது. தோண்டிய பகுதியை மட்டும் ஒழுங்காகப் பார்க்கவே ஒரு வாரம் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் என்ன தெரியும் என்றால், பூ தெரியும். பக்கத்துக் குழுவின் வழிகாட்டி நெருங்கி வந்தால் நம் காதில் ஜெர்மன் மொழி கேட்கும். ஒரு தெருமுனையில் கொஞ்ச நேரம் ஜெர்மனில் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

சகலை மட்டும் பூவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். பொம்பெயித் தெருக்களில் பெரிய பெரிய எரிமலைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். வண்டிச் சக்கரம் ஓடி ஓடி அவற்றில் ஆழமான தடம் விழுந்திருக்கிறது. தெருவைக் கடக்கக் குறுக்கே நடைபாதை உயரத்துக்கு மேடைக்கற்கள் போட்டு, சக்கரம் புகுந்து போக நடுவில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். இரவும் பகலும் வழிந்த குழாயடித் தண்ணீரும் வீட்டுக் கழிவும் மழையும் தெருவிலேயே ஓடியதால் இந்த ஏற்பாடு. சகலை ஒரு கல்லின்மேல் ஏறி நின்று இருபுறமும் பார்த்தார்.

“பாத்தீங்களா சகலை. தெருவுல தண்ணி நிக்கும்னு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலயே ஒத்துக்கிட்டுக் கல்லைப் போட்டுட்டான். நாங்க கடைசிவரைக்கும் ஒத்துக்கவே இல்ல.”

தேய்ந்த தடங்களையும் குழிகளையும் அடைக்க அந்தக் காலத்தில் உருக்கிய இரும்பை ஊற்றியிருக்கிறார்கள் என்று 2019இல் ஓர் ஆய்வு வந்தது. கற்களுக்கிடையே துருப்பிடித்த இரும்புச் சொட்டுகள் இன்றும் இருக்கின்றன. வழிகாட்டி அம்மாள் இதைச் சொன்னதும் சகலை தரையில் குந்திவிட்டார். விரலால் ஒரு சொட்டைத் தடவிப் பார்த்து, “இரும்பை ஊத்திப் பேட்ச் ஒர்க்கா? எஸ்டிமேட்டை எவன் பாஸ் பண்ணினான்?” என்றார். குரலில் இருந்தது கண்டனமில்லை, பொறாமை. அதற்குள் பூ இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தது.

என் கட்சிக்குச் சாட்சி அடுத்த தெருவில் கிடைத்தது. ஆங்கில எழுத்து ‘எல்’ வடிவில் ஒரு கல்மேடை, அதில் வாய் மட்டும் தெரியப் பதித்த ஜாடிகள். சாப்பாட்டுக் கடை. இந்தச் சின்ன ஊரில் இப்படிப்பட்ட கடைகள் எண்பது வரை இருந்திருக்கின்றன. 2020இல் முழுதாக வெளியே வந்த ஒரு கடையின் மேடையில் வாத்தும் சேவலும் சங்கிலி கட்டிய நாயும் வண்ணம் கலையாமல் இருந்தன. ஜாடிகளில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை எல்லாவற்றின் மிச்சமும் கிடைத்தது. ஒரு ஜாடியின் அடியில் அரைத்த மொச்சை வகை ஒன்று இருந்தது. வைனின் நிறத்தையும் ருசியையும் மாற்ற அதைப் போடுவார்களாம். கலப்படத்துக்கும் பாரம்பரியம் உண்டு.

சுவர்களையும் சும்மா விடவில்லை. ஒரு மதுக்கடைச் சுவரில் விலைப்பட்டியல்: சாதா ரகம் ஒரு காசு, நல்ல ரகம் இரண்டு, உயர்ந்த ஃபலேர்னியன் நாலு. வேறொரு சுவரில், நமக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தான் மட்டும் சுத்தமான சரக்கைக் குடிக்கும் கடைக்காரனுக்கு ஒரு சாபம். தேர்தல் விளம்பரங்களோ ஆயிரக்கணக்கில். வெள்ளையடித்த சுவரில் சிவப்பு எழுத்து, வேட்பாளர் பெயர் மட்டும் கொட்டை எழுத்து. நம்மூர்ச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு லத்தீன் தெரியாவிட்டாலும் விஷயம் விளங்கிவிடும். வாட்டியா என்றொருவர் நின்றிருக்கிறார். அவருக்கு வாக்களியுங்கள் என்று ராத்திரி வெகுநேரம் குடிப்பவர்கள் ஒரு சுவரில் கேட்டுக்கொள்கிறார்கள். இன்னொன்றில் சில்லறைத் திருடர்கள், வேறொன்றில் தூங்குமூஞ்சிகள். எதிர்க்கட்சியின் வேலை என்கிறார்கள் சில அறிஞர்கள், வெறும் கேலி என்கிறார்கள் வேறு சிலர். எனக்கென்னவோ அது உண்மையான ஆதரவாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு என்று படுகிறது.

“என்ன பதவிக்கு நின்னாராம்?” என்று கேட்டார் சகலை. சாலை, சந்தை, பொதுக் குளியலறை, பொதுக் கட்டடம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பதவி என்றார் வழிகாட்டி.

“அட, நம்ம டிபார்ட்மென்ட்!” என்று மலர்ந்தவர், யார் யார் ஆதரவு என்பதை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாரோ என்னவோ, அதற்கு மேல் பேசவில்லை.

ஒரே ஓர் இடத்தில் நாங்கள் எல்லோருமே பேச்சை நிறுத்தினோம். சாம்பலில் புதைந்தவர்களின் உடல் மக்கிப்போய், அந்த வடிவத்தில் வெற்றிடம் மட்டும் இறுகிய சாம்பலுக்குள் தங்கியிருந்தது. 1863இல் ஃபியோரெல்லி என்ற தொல்லியலாளர் அந்த வெற்றிடங்களில் சாந்தை ஊற்றி, அது இறுகியதும் சுற்றியிருந்ததை உடைத்து எடுத்தார். முகத்தைக் கையால் மூடியபடி ஒருவர். துணியின் மடிப்புகூடத் தெரிகிறது. இதைப் பற்றி வேடிக்கையாக எழுத ஒன்றுமில்லை. வழிகாட்டி அம்மாளும் அங்கே கம்பைத் தாழ்த்திக்கொண்டார்.

மலைக்குப் போகிற பேருந்தில் தேதிச் சண்டை. வெடித்தது ஆகஸ்ட் 24 என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். ரோமானிய எழுத்தாளர் சின்ன பிளினி அந்த வெடிப்பைப் பற்றி வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதத்தின் கையெழுத்துப் பிரதிகளை வைத்துச் சொன்ன தேதி அது. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் யாரோ கரியால் கிறுக்கியது கிடைத்தது. அதிலிருந்த தேதி அக்டோபர் 17. இது போதாதென்று, பொம்பெயிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் திராட்சை பிழிந்து ஜாடிகளில் ஊற்றி மூடியும் வைத்திருந்தார்கள். அறுவடை முடிந்த பிறகுதான் மலை வெடித்திருக்கிறது என்று இப்போது பலர் சொல்கிறார்கள். அதாவது, வருஷத்துச் சரக்கை உள்ளே வைத்துப் பூட்டிய கையோடு. சகலைக்கு இதுதான் அன்றைய மிகப் பெரிய துயரமாகப் பட்டது. இத்தனைக்கும் அவர் குடிக்காதவர்.

வெசூவியஸின் உயரம் 1,281 மீட்டர். பயந்துவிட வேண்டாம், ஆயிரம் மீட்டர் வரை பேருந்தே ஏறிவிடும். நாம் நடப்பது மிச்சம்தான். பாதை தொடங்குமிடத்தில் ஒருவர் பணிவாக ஆளுக்கொரு ஊன்றுகோலைக் கையில் திணித்தார். இத்தாலிய விருந்தோம்பல் என்று மச்சினி நெகிழ்ந்துபோனார். திரும்பி வரும்போது அதே மனிதர், முன்பைவிடப் பணிவாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

பாதை முழுக்கக் கருப்பும் செம்மண் நிறமுமான எரிமலைப் பொடிக் கற்கள். இரண்டு அடி வைத்தால் ஓர் அடி சறுக்கும். அக்காவும் தங்கையும் எங்கள் பெரியப்பா குடும்பத்துச் சொத்துத் தகராறைப் பேசிக்கொண்டே மூச்சு வாங்காமல் முன்னால் போனார்கள். நானும் சகலையும் வளைவுக்கு வளைவு நின்று கடலழகை ரசித்தோம். அவ்வளவு தடவை கடலை ரசித்த இரண்டு ஆண்களை அந்த மலை பார்த்திருக்காது.

1880இல் இங்கே இழுவை ரயில் ஒன்று ஓடத் தொடங்கியது. அதற்காக எழுதிய பாட்டுதான் உலகம் முழுக்கப் பாடுகிற ‘ஃபுனிகுலி ஃபுனிகுலா’. ரயிலை மலை தின்றுவிட்டது, விளம்பரப் பாட்டு மட்டும் உயிரோடிருக்கிறது. மலை கடைசியாக வெடித்தது 1944 மார்ச்சில். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அடிவாரத்தில் நிறுத்தியிருந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் சுமார் எண்பதைச் சூடான சாம்பலால் மூடி நாசமாக்கியது.

உச்சியில் தீக்குழம்பு கொதிக்கும் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஏறக்குறைய 300 மீட்டர் ஆழத்துக்கு ஒரு மாபெரும் பள்ளம், விளிம்போரப் பாறையிடுக்கில் அங்கங்கே லேசான ஆவி. சகலை எட்டிப் பார்த்தார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவோட நின்னா நல்லதுதானே அத்தான்” என்றாள் என் மனைவி.

அந்த விளிம்பிலேயே ஒரு கடை. எரிமலைக் கல்லில் செய்த கழுத்துமாலை, சாவிக்கொத்து, வைன் பாட்டில். ரோமை எதிர்த்துக் கிளம்பிய அடிமைகளின் தலைவர் ஸ்பார்ட்டகஸும் அவருடைய கூட்டாளிகளும் கி.மு. 73இல் ரோமானியப் படைக்குத் தப்பி ஒளிந்தது இந்த மலையில்தான். காட்டுத் திராட்சைக் கொடிகளைக் கயிறாகத் திரித்து, அதைப் பிடித்துச் செங்குத்துப் பாறையில் இறங்கிப் போய்ப் படையின் முதுகில் அடித்தார்கள். அப்போதும் இங்கே திராட்சை உதவியிருக்கிறது பாருங்கள்.

தோட்டத்துக்கு வந்து உட்கார்ந்தபோது எங்களுக்கு இருந்த பசியில் சரித்திரம் எல்லாம் ஜீரணமாகியிருந்தது. வைனின் பெயர் லாக்ரிமா கிறிஸ்டி, கிறிஸ்துவின் கண்ணீர். சொர்க்கத்திலிருந்து விழுந்த லூசிஃபர் அதில் ஒரு துண்டைத் திருடிக்கொண்டு வந்ததாகவும், அந்தத் துண்டுதான் நேப்பிள்ஸ் வளைகுடா என்றும், அதைப் பார்த்துக் கிறிஸ்து அழுத கண்ணீர் விழுந்த இடத்தில் திராட்சை முளைத்தது என்றும் கதை. தோட்டக்காரர் சொன்ன கதை வேறு. எரிமலை மண்ணில் பொட்டாசியம் அதிகம், தண்ணீர் தேங்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கொடிகளையெல்லாம் அழித்த வேர்ப்பூச்சிக்கு இந்த மணல் ஒத்துவராது. அதனால் இங்கே பல கொடிகள் ஒட்டுப் போடாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

கோப்பையை மேஜைமேல் வைத்தபடியே சுழற்று, மோந்து பார், சாம்பல் வாசனை தெரிகிறதா என்றார். நம்மூரில் யாரும் மோந்து பார்க்கிற நிலைமையில் வாங்குவதில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? சகலை கோப்பையைத் தள்ளி வைத்தார். “நான் சாப்பிடறதில்ல.”

“சாமி கண்ணீர்னு சொல்றாங்க. தீர்த்தம் மாதிரி ஒரு வாய் குடிங்க” என்றார் மச்சினி. முப்பது வருஷத்துக் கட்டுப்பாட்டை வீட்டம்மாவே தளர்த்தும்போது ஓர் அரசு ஊழியர் என்ன செய்வார்? மேலிடத்து உத்தரவை நிறைவேற்றினார். வெள்ளை, ரோஸ், சிவப்பு மூன்றையும்.

மலைச்சரிவில் விளைந்த குட்டித் தக்காளியில் செய்த ஸ்பகெட்டி வந்தது. அந்தத் தக்காளியைக் குலைகுலையாகக் கட்டித் தொங்கவிட்டுக் குளிர்காலம் முழுக்க வைத்துக்கொள்வார்களாம். பிரமாதம், ஆனால் காரம் என்பது பெயருக்குக்கூட இல்லை. மச்சினி கைப்பையைத் திறந்து மிளகுப்பொடி டப்பாவை எடுத்தார். எனக்குப் பெரிய பிளினியின் ஞாபகம் வந்தது. கடிதம் எழுதியவரின் தாய்மாமன். மிளகில் காரத்தைத் தவிர என்ன இருக்கிறது, அதற்காகவா இந்தியா வரை போகிறார்கள் என்று புத்தகத்திலேயே புலம்பியவர். வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறது என்றும் வயிறெரிந்தவர். இந்த மலை வெடித்தபோது கப்பலில் உதவிக்கு வந்து, எதிர்க்கரையில் உயிர்விட்டார். அவர் காலத்தில் முசிறியிலிருந்து மிளகு இங்கே வந்தது. இந்தக் காம்பானியா பகுதியின் வைன் ஜாடிகள் நம் அரிக்கமேட்டில் உடைந்து கிடைத்திருக்கின்றன. இரண்டு சரக்கும் ஒரே மேஜையில் சந்தித்துக்கொண்டதைச் சகலையிடம் சொன்னேன். “பண்டமாற்று” என்று சொல்லிக் கோப்பையை நீட்டினார்.

மூன்று மணி நேரம் ஏன் ஒதுக்கினார்கள் என்று அதன் பிறகு அவர் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார். மலை மறுபடி வெடித்தால்?

திட்டம் இருக்கிறது என்றார் வழிகாட்டி அம்மாள். சிவப்பு மண்டலத்தில் 25 ஊர்கள், கிட்டத்தட்ட ஏழு லட்சம் பேர். எச்சரிக்கை வந்தால் 72 மணி நேரத்துக்குள் எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். எந்த ஊர்க்காரர் இத்தாலியின் எந்த மாநிலத்துக்குப் போக வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். சகலை காகிதக் கைக்குட்டையில் பேருந்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். பேருந்துக்கு ஐம்பது பேர், பதினாலாயிரம் நடை. பேனா நின்றது.

“ஜனங்க சரி. இங்க இருக்கற வைன் எல்லாம்?”

அந்த அம்மாள் தோட்டக்காரரைப் பார்த்தார். தோட்டக்காரர் சகலையின் கோப்பையை நிரப்பினார்.

“அதுக்குத்தான் 72 மணி நேரம்.”