பக்கி புராணம்

அரூர் வாசகர்: பொழுது சாய்ந்ததும் எங்கள் ஆட்டுப்பட்டியைப் பக்கி ஒன்று சுற்றிச் சுற்றி வருகிறது. பால் குடிக்கத்தானே?

அந்தக் குற்றத்தை முதலில் சாட்டியவர் தாங்கள் அல்லர். ஆட்டின் மடியில் வாய்வைக்கும் பறவை என்று கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டிலே இதனை எழுதிவைக்க, 'ஆடு கறப்பது' என்று பொருள்படும் காப்ரிமுல்கஸ் என்னும் நாமத்தைச் சூட்டி அந்த அபவாதத்தை 1758-இல் சாசுவதமாக்கியவர் லின்னேயஸ். அது வருவதோ, பட்டியில் மொய்க்கும் வண்டுக்கும் அந்துப்பூச்சிக்கும்தான். பால் குறைந்திருந்தால் கறந்தவரை விசாரிப்பதே உசிதம்.

பாலக்கோடு வாசகர்: பந்தியில் அவசரமாக உண்பவனை என் பாட்டி 'பக்கி' என்று வைகிறாரே?

'பட்சி' என்பதன் தேய்வுதான் 'பக்கி'. பாட்டியின் உவமையில் பிழையில்லை. பார்க்க அற்பமான அந்த அலகு, திறந்தால் கண்ணுக்குக் கீழ்வரை பிளக்கும். பறந்தபடியே விழுங்குவதால் இலை போடும்வரை காத்திருக்கும் அவசியமும் இல்லை.

பென்னாகரம் வாசகர்: பகலில் அது எங்கே போய்விடுகிறது?

எங்கும் போவதில்லை, தங்கள் காலடியில்தான் இருக்கிறது. சென்ற கோடையில் ஒகேனக்கல் வழியில், மூங்கில் புதரடியில், காலில் தைத்த முள்ளைப் பிடுங்க நான் குனிந்தபோது, இரண்டடி தூரத்தில் கிடந்த சருகு ஒன்று கீற்றாகக் கண்ணைத் திறந்து, என்னை ஏற இறங்க நோக்கி, 'இவனுக்குத் தெரியப்போவதில்லை' என்று நிச்சயித்ததுபோல் மறுபடியும் மூடிக்கொண்டது. பழுப்பும் சாம்பலும் கருங்கோடுகளுமாக அச்சருகுகளையே உடுத்தியிருந்தது அந்தப் பட்சி. கூடென்று ஒன்று கட்டுவதில்லை. வெறுந்தரையில் இரண்டு முட்டை, அவற்றின்மேல் அசையாத தாய், அவ்வளவே கிருகம். வீட்டுவரி கேட்டு எவரும் வரமாட்டார்கள்!

பொம்மிடி வாசகர்: இரவில் 'சக்-சக்-சக்' என்ற சப்தம் கேட்கிறது. பேயோ?

கோலிக்குண்டைச் சிமெண்டுத் தரையில் விட்டுப் பாருங்கள். துள்ளத் துள்ள விரைந்து அடங்கும் அதே தாளம். அது சின்னப் பக்கி. பேய்க்கு இத்தனை தாளக்கட்டு ஏது?

தருமபுரி வாசகர்: இரவு பஸ்ஸில் வருகையில் நடுரோட்டில் இரண்டு தணல்கள் தெரிந்தன. என்ன அவை?

பக்கியின் கண்கள், அவற்றின் பின்னுள்ள படலம் விளக்கொளியைத் திருப்பி அனுப்புகிறது. மேலே பறக்கும் பூச்சியை நோக்கியபடி திறந்த சாலையில் அமரும் அப்பறவை, சருகுக்குள் தன்னைக் காத்த அசையாமையையே லாரியின் முன்னும் அனுஷ்டிக்கிறது. நரியை ஏய்த்த வித்தை டயரிடம் பலிப்பதில்லை. அடுத்தமுறை ஓட்டுநரிடம் சொல்லி விளக்கைத் தாழ்த்தி வேகத்தைக் குறைக்கச் செய்யுங்கள். பெரும்பாலும் எழுந்து போய்விடும்.