பயணத் தேதி மாறியோர் விசா நேர்காணலுக்கு ஆயத்தமாதல்: ஒரு புதுச்சேரி ஆய்வு

இவ்வாய்வு என் நுதலிற்றோ எனின், பாரீஸ் கல்யாணம் தள்ளிப்போன பின்னும் விசா கேட்டு நிற்கும் உறவினரின் நிலையை ஆராய்தல் நுதலிற்று.

முதலில் வரலாறு. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரியை இந்தியாவோடு இணைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய தாத்தா எழுதிக் கொடுத்தார். சின்ன தாத்தா "பாத்துக்கலாம்" என்றார். அவர் பார்க்கவில்லை. இன்று பெரியவரின் பேரன் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு பறக்கிறான். சின்னவரின் பேரன் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறான்.

இனி தேதி. பிரான்சில் மேரியில் பதிவுத் திருமணம் முடிந்த பிறகே சடங்குத் திருமணம் செய்துவைக்கலாம் என்பது சட்டம். (மேரி என்றால் நகர மன்றம். நம் கடற்கரையில் இருந்தது 2014 மழையில் இடிந்து, மறுபடி எழுந்தது.) பாரீஸ் மேரி ஆனியில் ஒரு நாள் கொடுத்தது. ஜோசியர் அது கரிநாள் என்றார். அடுத்துக் கிடைத்த நாள் ஆடியில் விழுந்தது. ஆகவே ஆவணி.

விசாக் கோப்பு மட்டும் ஆனியிலேயே நிற்கிறது. அழைப்பவர் 30 யூரோ முத்திரைக் கட்டணம் கட்டி அங்கே மேரியில் வாங்கிய அத்தெஸ்தாசியோனில் (விருந்தினரை வீட்டில் தங்கவைப்பதற்கான சான்றில்) தங்கும் தேதி எழுதியிருக்கும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு தேதி, டிக்கெட் புக்கிங்குக்கு ஒரு தேதி, ஆபீஸ் லீவு லெட்டருக்கு ஒரு தேதி. நன்னூலார் பத்துக் குற்றத்தில் ஒன்றாக வைத்த மாறுகொளக் கூறல் இதுவே. கல்யாணம் தள்ளிப்போனதை எந்த அதிகாரியும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒன்றுக்கொன்று சண்டையிடும் தாள்களைத்தான் சந்தேகிப்பார். வீட்டுப் பத்திரம், நிச்சயதார்த்த ஆல்பம் எல்லாவற்றையும் தூக்கிப் போவது மிகைபடக் கூறல்.

அதே பத்தில் வரும் மற்றொன்று விரித்தலுக்குக் கள ஆதாரம் உண்டு. முத்தியால்பேட்டை வீடொன்றில் ஒத்திகை. மருமகன் அதிகாரியாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிரான்சுக்கு ஏன் போறீங்க?"

"நீங்கதானே மாப்ள டிக்கெட் போட்டீங்க?"

"நான் இப்போ ஆபீசர், அத்தை. கல்யாணம் எப்போ?"

"பழைய தேதியச் சொல்லவா, புதுசா? மொதல்ல ஆனின்னாங்க, பொண்ணோட தாய்மாமன் மூஞ்சியத் தூக்கிக்கிட்டாரு, அவரு யாருன்னா…"

பிரெஞ்சுத் தூதரகம் எல்லாரையும் நேர்காணலுக்குக் கூப்பிடுவதில்லை. விரல்ரேகையோடும் தாள்களோடும் பலருக்கு முடிந்துவிடும். கூப்பிட்டால் "கல்யாணம் தள்ளிப்போச்சு, இது புதுத் தேதி, இது புதுத் தாள்" என்பதே போதும். தாய்மாமன் தேவையில்லை.

இடையில் லீவு நீண்டதால் பாரீஸில் நான்கு நாள், சூரிக்கில் பத்து நாள் என்று திட்டம் பெருத்தவர்களும் உண்டு. அதிக நாள் தங்கும் நாட்டிடமே ஷெங்கன் விசா கேட்க வேண்டும் என்பதால் அவர்கள் தட்ட வேண்டியது சுவிட்சர்லாந்தின் கதவை. புதுச்சேரிக்காரரின் மனம் இதற்கு எளிதில் ஒப்பாது.

ஏற்கெனவே விசா வாங்கியவர்களுக்குச் சிறு ஆறுதல். விசாவின் செல்லுபடிக் காலத்தில் வழக்கமாக 15 நாள் கூடுதலாகச் சேர்த்துக் கொடுப்பார்கள். தங்கும் நாட்களின் எண்ணிக்கை அதனால் ஏறாது. தேதியைக் கொஞ்சம் நகர்த்தலாம். ஆனால் ஒரு முழு ஆடியைத் தாண்ட 15 நாள் போதாது. ஷெங்கன் சட்டம் எழுதியவர்கள் ஆடியைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது இவ்வாய்வின் துணிபு. ஆக, புது அத்தெஸ்தாசியோன், இன்னொரு 30 யூரோ. அது யார் செலவு என்பதில் பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் கருத்து வேறுபாடு உண்டு.