400 கிலோஜூல் புராணம்

ஒரு ஃபார்முலா ஒன் கார் 305 கிலோமீட்டர் பந்தயத்தை முடிக்க ஏறக்குறைய 200 லிட்டர் பெட்ரோலைக் குடித்த காலம் அது. ஊரெல்லாம் புவி வெப்பமாதல் என்று புலம்பும்போது இவ்வளவு ஊதாரித்தனம் எதற்கு என்று யாராவது கேட்டுத் தொலைத்தால்? பந்தய விதிகளை வகுக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் அன்றைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி முந்திக்கொண்டார். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து வைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 2009 விதிகளில் எழுதவைத்தார். கெர்ஸ் என்ற கருவி பிறந்தது.

யோசனையில் குற்றமில்லை. 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் பிரேக் போட்டால் அத்தனை வேகமும் டிஸ்க்கைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சிவிட்டுக் காற்றில் போய்விடும். அதில் கொஞ்சத்தை, என்ஜினோடு கோத்த மோட்டார் மின்சாரமாக்கி லித்தியம் பேட்டரியில் சேர்க்கும். ஓட்டுநர் பட்டனை அழுத்தினால் அதே மோட்டார் 60 கிலோவாட், அதாவது 80 குதிரைச் சக்தி, உபரியாகக் கொடுக்கும். எவ்வளவு நேரம்? சுற்றுக்கு 6.67 விநாடி. மொத்தம் 400 கிலோஜூல். ஒரு வாழைப்பழத்தில் இருப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தப் பழத்தைப் பத்திரப்படுத்த அணிகள் கோடி கோடியாகக் கொட்டின.

பழம் சும்மா இருக்கவில்லை. கெர்ஸ் வேண்டும் என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னது பிஎம்டபிள்யூ. 2008 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸ் தளத்தில் அவர்களுடைய சோதனைக் கார் பிட்டுக்குத் திரும்பியது. தள்ளலாம் என்று கைவைத்த மெக்கானிக் ஷாக் அடித்துக் கீழே விழுந்தார். நல்லவேளை, பெரிய காயமில்லை. அதே மாதம் ரெட் புல் தொழிற்சாலையில் கெர்ஸ் பேட்டரி கோளாறாகி, ஆட்கள் வெளியேற, தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அதற்குப் பிறகு உலகின் அதிநவீனக் காரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டுதான் தொட்டார்கள்.

எடை இன்னொரு வம்பு. கருவி சுமார் 30 கிலோ. ஓட்டுநரோடு சேர்த்துக் குறைந்தபட்சம் 605 கிலோ இருக்க வேண்டிய காரில், பாரத்தை வேண்டிய இடத்தில் வைத்துச் சமன்செய்யும் வசதி அதோடு போயிற்று. பிஎம்டபிள்யூவின் ராபர்ட் குபிட்சா நெட்டை மனிதர், அதனால் கனமும் கூடுதல். விளைவு, 2009 மெல்போர்ன் பந்தயத்தில் சகா ஹைட்ஃபெல்டின் காரில் கெர்ஸ் இருந்தது, அவருடைய காரில் இல்லை. மின்சாரத்தைச் சேமிக்க மனிதன் பட்டினி கிடக்க வேண்டிய நிலை.

அந்தப் பந்தயத்தில் முதல் இரண்டு இடமும் பிரான் அணிக்கு. யார் இவர்கள்? ஹோண்டா கைகழுவிவிட்டுப் போன அணியை ராஸ் பிரான் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். காரில் கெர்ஸ் கிடையாது. அந்த ஆண்டின் இரண்டு பட்டங்களையும் அவர்களே அள்ளிக்கொண்டார்கள். உரக்கச் சொன்ன பிஎம்டபிள்யூவோ, ஜூலையிலேயே ஃபார்முலா ஒன்னுக்குக் கும்பிடு போட்டது.

அதே ஆண்டு மலேசியாவில் பயிற்சியின்போது ஃபெராரியின் கெர்ஸ் கெட்டு, கிமி ரைக்கோனனின் இருக்கையைச் சுற்றிப் புகை கிளம்பியது. பந்தயத்தன்று மழை கொட்டி ஓட்டத்தை நிறுத்தினார்கள். மற்றவர்கள் நனைந்துகொண்டு காத்திருக்க, கிமி அரைக்கால் சட்டையோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்ததைத் தொலைக்காட்சி காட்டியது. கெர்ஸைப் பற்றி அந்த ஆண்டு வந்த விமர்சனங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அதே கிமிதான் நம் வயிற்றிலும் அடித்தார். ஆகஸ்ட் 30, பெல்ஜியத்தின் ஸ்பா. விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா அதுவரை ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை. எந்தச் சாமி புண்ணியமோ, அன்றைக்கு அவர்களுடைய ஜியான்கார்லோ ஃபிசிகெல்லா முதலிடத்திலிருந்து கிளம்பினார். முதல் சுற்றிலேயே பின்னால் நாலு பேர் மோதிக்கொண்டு ஒழிய, பாதுகாப்புக் கார் வந்து ஒதுங்கியது. ஓட்டம் மறுபடி தொடங்கிய சுற்றில், ஓ ரூஜ் மேட்டைத் தாண்டிய நீண்ட நேர்பாதையில் கிமி பட்டனை அழுத்தினார். போயே போய்விட்டார். ஃபிசிகெல்லா மிச்சப் பந்தயம் முழுக்க அவர் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவதாக வந்தார். வேகத்தில் தோற்கவில்லை ஐயா, பேட்டரியில் தோற்றார்.

அடுத்த பந்தயத்துக்குள் ஃபெராரியே அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. கெர்ஸ் பொருத்திய அதே காரில் ஐந்து பந்தயம் ஓட்டினார். ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

2010க்குக் கெர்ஸே வேண்டாம் என்று அணிகள் கூடிப் பேசி மூட்டை கட்டின. 2011இல் அவிழ்த்தன. 2014இல் ஹைப்ரிட் என்ஜின் கட்டாயமானது: 120 கிலோவாட், சுற்றுக்குச் சுமார் 33 விநாடி, பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள்தான். ஃபோர்ஸ் இந்தியாவுக்கும் அந்த யோகம் வாய்த்தது. அதுவும் அன்றைய ஹைப்ரிட்களிலேயே சிறந்த மெர்சிடிஸ். 2018இல் கைமாறும்வரை அந்த அணி ஒரு பந்தயத்தைக்கூட வென்றதில்லை.