எழுதிக்கோங்க சார்

மண்டபத்து வாசலில் நீட்டிய சந்தனக் கிண்ணத்தில் நான் விரலை வைக்கக்கூட இல்லை. அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா என் முழங்கையைப் பிடித்துவிட்டார். "சார்வாள், உங்களத்தான் தேடிக்கிட்டிருக்கோம். இங்கிட்டு வாங்க." இங்கிட்டு என்றால் எங்கிட்டு என்று உங்களுக்கே தெரியும். ஒரு மேசை, அதன்மேல் வேட்டி விரிப்பு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய நீள நோட்டு, ஒரு மஞ்சள் பை, எழுதாத பேனா. பேனா எழுதவில்லை என்றால், "உங்ககிட்ட இல்லாத பேனாவா சார்வாள்?" என்று என் சட்டைப் பையைப் பார்க்கிறார்கள். சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனாதான் இருந்தது. சிவப்பில் மொய் எழுதக் கூடாதாம். பிள்ளைகள் நோட்டில் மட்டும் எழுதலாம் போலிருக்கிறது.

போன ஆவணி முகூர்த்தத்தில், கோவில்பட்டியில் நடந்தது இது. நடுவிரலில் பேனா அழுத்திய தடம் மறைவதற்குள் ஒரு நண்பர் போன் செய்தார். 'தொடக்கப் பள்ளி ஆசிரியரின் அன்றாட மகிழ்ச்சிகள், வகுப்பறைக்கு உள்ளேயும் வெளியேயும்' என்று ஆசிரியர் தினத்துக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மகிழ்ச்சிக்கு ஒன்றும் பஞ்சமில்லை. வெளியே உள்ளதைச் சீக்கிரம் முடித்துவிட்டு உள்ளே வருகிறேன்.

அன்றைக்கு அதே மண்டபத்தில் ஒரு வங்கி மேலாளர் இருந்தார். நாள் முழுக்கப் பணத்தோடு புழங்குகிற மனிதர். அவரை யாரும் இங்கிட்டு கூப்பிடவில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் பேனாவைக் கொடுத்தால் 'நாளைக்கு வாங்க' என்று சொல்லிவிடுவார் என்று பயந்தார்களோ என்னவோ, அவரையும் விட்டுவிட்டார்கள். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறவரும் வாத்தியார்தானே? அவர் எழுத்து அவருக்கே புரியாது என்று ஊருக்கே தெரியும். மிச்சம் நான். ஒண்ணாப்புக்குக் கரும்பலகையில் எழுதி எழுதி எழுத்து குண்டு குண்டாக, முத்து முத்தாக வந்துவிட்டது. அதுதான் வினை.

இன்னொரு காரணமும் காதில் விழுந்தது. யாரோ ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "சார்வாளுக்கு அஞ்சாப்புக் கணக்கு வரைக்கும்தான். பெருசா எதுவும் பண்ணத் தெரியாது." என் நேர்மைக்கு இதுவரை கிடைத்த ஒரே நற்சான்றிதழ் இது.

சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "ரெண்டு பேரு எழுதிட்டுப் போயிருங்க சார்வாள், சும்மா ரெண்டு பேரு." பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் தொடங்கிவைத்தது எங்கே? இங்கிருந்து கூப்பிடு தூரம், எட்டயபுரத்தில். 2022இல் காலைச் சாப்பாடும் வந்துவிட்டது. முதலில் சோறு, அப்புறம் எழுத்து என்பது இந்த மாநிலம் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒப்புக்கொண்ட சங்கதி. வாத்தியாருக்கு மட்டும் முதலில் எழுத்து. பந்தி பந்தியாக ஆட்கள் கை கழுவிவிட்டு ஏப்பத்தோடு வந்து என் முன்னால் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் விரலிலும் என்ன கூட்டு, என்ன பொரியல் என்று வாசனை பிடித்தே சொல்லிவிடலாம்.

எழுதுவது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒருமுறை எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"எழுதிக்கோங்க சார், கருப்பசாமி."

"எந்தக் கருப்பசாமி?"

"என்ன சார் இப்பிடிக் கேட்டுட்டீக? நம்ம கருப்பசாமி."

எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒரு கருப்பசாமி உண்டு. சில வீடுகளில் தாத்தாவும் பேரனும் கருப்பசாமி. அப்பா பெயரைக் கேட்டால் மாடசாமி என்பார். நோட்டில் ஏற்கெனவே மாடசாமி மகன் கருப்பசாமிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஊரைக் கேட்டால் 'பட்டி' என்பார். எந்தப் பட்டி? "நம்ம பட்டிதான் சார், பஸ் ஸ்டாப்புல வேப்பமரம் நிக்கும்லா." வேப்பமரம் நிற்காத பஸ் ஸ்டாப் கரிசலில் எங்கே இருக்கிறது? கடைசியில் பட்டப்பெயரில்தான் பிடிபடும். ஆனால் பட்டப்பெயரை நோட்டில் ஏற்ற முடியாது. 'ஓட்டவாய்க் கருப்பசாமி' என்று எழுதிவைத்தால் பத்து வருஷம் கழித்து அவர் வீட்டுக் கல்யாணத்தில் அந்த நோட்டைப் புரட்டும்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊரைத் தெளிவாகச் சொல்கிறவர்கள் வேறு மாதிரி உயிரை எடுப்பார்கள். ஊருக்கென்று நோட்டில் விட்ட இடம் இரண்டு விரற்கடை. அதற்குள் முடுக்குமீண்டான்பட்டியை எழுத வேண்டும். இளையரசனேந்தலை மடக்கி அடுத்த வரிக்குக் கொண்டுபோனால் அங்கே நாலாட்டின்புதூர் ஏற்கெனவே மடங்கி இறங்கியிருக்கிறது. கீழ ஈராலா மேல ஈராலா என்று கேட்காமல் வெறும் 'ஈரால்' என்று போட்டால் இரண்டு ஊரும் சண்டைக்கு வரும். இடைசெவல் என்று ஒருவர் சொன்னபோது கைக்கு ஆறுதலாக இருந்தது. சின்னப் பெயர்.

இடைசெவல் என்றதும் அந்த ஊர் எழுத்தாளர் கி.ரா. ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன் என்று சொல்லிக்கொண்டவர். கரிசலில் மழை பெய்கிற லட்சணம் தெரிந்தவர்களுக்கு அவர் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போயிருப்பார் என்று புரியும். அவருக்கு 1991இல் சாகித்திய அகாதமி விருது கொடுத்தார்கள், புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள். மழை, வெயில் பாராமல் பள்ளிக்கூடம் போய், ஆசிரியர் பயிற்சி முடித்து, பதிவு மூப்புக்குக் காத்திருந்து வேலைக்கு வந்த எனக்குப் போட்டிருப்பது மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி. அதிலும் ஒரு கால் ஆடுகிறது.

தொகை விஷயத்துக்கு வருவோம். 101, 201, 501 என்று ஒற்றை ரூபாய் வைத்து எழுதுவது மங்களம். அந்த ஒற்றை ரூபாய் யாரிடமும் இருக்காது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, "எரநூத்தி ஒண்ணு எழுதிக்கிட்டு மிச்சத்தக் குடுங்க சார்" என்பார்கள். மொய் வைக்க வந்தார்களா, சில்லறை மாற்ற வந்தார்களா என்று சந்தேகமாக இருக்கும். சிலர் தொகையை என் காதில் சொல்வார்கள், மந்திர உபதேசம் மாதிரி. சிலர் சமையல்கட்டு வரை கேட்கிற மாதிரிச் சொல்வார்கள். சிலர் எழுதும்வரை காத்திருந்து, நோட்டைத் தங்கள் பக்கம் திருப்பி, முந்தின வரியில் பங்காளி எவ்வளவு வைத்திருக்கிறான் என்று பார்த்துவிட்டு, "சார், அத ஆயிரத்தொண்ணா ஆக்கிருங்க" என்பார்கள். மஞ்சள் தடவிய நோட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. வெறும் ஐந்நூற்றொன்றை அடித்தல் இல்லாமல் ஆயிரத்தொன்றாக ஆக்குகிற வித்தையை எந்த ஆசிரியர் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் ஆடி மாதம் மொய் விருந்து என்றே நடத்துகிறார்கள். கறிச்சோறு போட்டுக் கோடிக்கணக்கில் மொய் வாங்குகிறார்களாம். அங்கே கம்ப்யூட்டர், பணம் எண்ணுகிற மிஷின், ரசீது அச்சடித்துக் கொடுக்கிற பையன்கள் என்று ஏக ஏற்பாடு. அந்தப் பக்கத்து வாத்தியார்கள் எல்லாம் முதல் பந்தியில் கறி தின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. இங்கே நவீனம் என்று வந்தது மேசையில் ஒட்டிய க்யூஆர் அட்டைதான். அதனால் எனக்கு என்ன குறைந்தது? "போட்டாச்சு சார், எழுதிக்கோங்க" என்று போனைக் காட்டுகிறார்கள். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது நிற்கும்வரை பின்னால் வரிசை நிற்கிறது. நான் இரண்டுக்கும் நடுவில் சாட்சி.

வரிசையில் ஒரு லாரி டிரைவர் வந்தார். மீசை, கழுத்தில் துண்டு. "சார், என்னத் தெரியுதா?" என்றார். தெரியவில்லை. ஆனால் 'சார்' என்று சொல்லும்போது தோளைக் கொஞ்சம் குறுக்கினார் பாருங்கள், அதில் தெரிந்துவிட்டது. இரண்டாம் வகுப்பில் 'ழ'வைச் சுழித்துக்கொண்டே போய்ச் சிலேட்டு விளிம்பில் முட்டி நிறுத்துகிற ஆள். பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். தலைகீழாகவே படித்துவிட்டு, "சார், இனிஷியல் 'மா' இல்ல, 'சு'" என்றார். நான் எழுதியதை அவர் திருத்துகிறார்! அதுவும் தலைகீழாகப் படித்து! இதைப் பற்றி இன்னும் ரெண்டு வரி எழுதலாம்தான். பின்னால் நின்ற பெரியம்மா, "வாத்தியாரே, எனக்குப் பஸ்சுக்கு நேரமாச்சு" என்று சுருக்குப் பையால் மேசையைத் தட்டிவிட்டார்.

உண்மையில் என் கடுப்பு பந்தி பிந்தியதற்காக இல்லை. அந்த வரிசையில் எங்கள் பள்ளிக்கூடம் இருக்கிற ஊர்க்காரர்கள் நிறையப் பேர். ஆயிரம், ஐந்நூறு என்று தாள்களை எண்ணாமல் என் கையில் திணித்துவிட்டுப் போகிறார்கள். "சார்வாள் இருக்கையில என்ன?" என்கிறார்கள். இதே ஆட்களின் வாசலில்தான் ஜூன் மாதம் நானும் தலைமை ஆசிரியரும் சேர்க்கைக்காகப் போய் நிற்கிறோம். புத்தகம், சீருடை, செருப்பு, காலைச் சாப்பாடு, மத்தியானம் முட்டையோடு சோறு, எண்ணும் எழுத்தும் அட்டைகள் என்று எல்லாவற்றையும் சொல்கிறோம். நீர்மோர் கொடுத்து, "பாப்போம் சார்வாள்" என்கிறார்கள். அந்த 'பாப்போம்' மறுநாள் காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் மஞ்சள் வேனாக வந்து ஹாரன் அடிக்கிறது. மஞ்சள் பையை நம்பிக் கொடுக்கிறவர்கள் பிள்ளையை வேனில் ஏற்றிவிடுகிறார்கள். போகிற வழியில் வேன் ஜன்னலிலிருந்து அந்தப் பிள்ளைகள் எனக்கு டாட்டா காட்டும். நானும் காட்டுவேன், வேறென்ன செய்ய? எங்களிடம் மிஞ்சுவது விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகளும், மல்லி, உளுந்து விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற வீட்டுப் பிள்ளைகளும். நல்ல பிள்ளைகள். அதுகளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

சரி, உள்ளே வருகிறேன்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று மூன்றையும் ஒரே அறையில் நான் வைத்திருக்கிறேன். "சார், இவன் என் அழிரப்பரக் கடிச்சிட்டான் சார்", "சார், நான் கடிக்கல, மோந்துதான் பாத்தேன் சார்" என்று காலையிலேயே பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். தீர்ப்பு சொல்வதற்குள் வாதியும் பிரதிவாதியும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, "சார், ஒண்ணுக்கு" என்று சேர்ந்து கிளம்பிவிடுவார்கள். மழை பெய்த மறுநாள் ஒவ்வொரு பிள்ளையும் காலில் ஒரு சேர் கரிசல் மண்ணோடு வந்து, வாசல்படியில் வரிசையாக உட்கார்ந்து குச்சியால் வழித்துப் போடும். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒருநாள் இடைவேளையில் கடலைமிட்டாயோடு வந்தான். புவிசார் குறியீடு 2020இல் வாங்கின எங்கள் ஊர்ச் சரக்கு. எச்சில் படக் கூடாதே என்று சட்டை நுனியால் அதை மூடி, மேலே கடவாய்ப் பல்லை வைத்துக் காக்காக்கடி கடித்தான். துணியை விரித்துப் பார்த்தான். ஒரு துண்டு பெரிசு, ஒன்று சிறிசு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். நானும் பார்த்தேன். பெரிசை வாயில் போட்டுக்கொண்டு சிறிசை என்னிடம் நீட்டினான். சட்டை நூல் ஒன்று பாகில் ஒட்டியிருந்தது. தின்றேன்.

அந்தப் பையனின் தாத்தா அன்றைக்கு மொய் மேசையில் செய்த காரியத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! அவர் 501 வைத்தார். எழுதினேன். போய்விட்டுத் திரும்பி வந்தார். "சார்வாள், நம்ம வீட்டுக் காதுகுத்துல இவுக எவ்வளவு செஞ்சாகன்னு ஒரு எட்டுப் பாத்துச் சொல்லுங்க." அந்த நோட்டு அவர் வீட்டுப் பரணில் அல்லவா இருக்கும், எனக்கு எப்படித் தெரியும் என்றேன். "நீங்கதான எழுதுனீக?" என்றார். அதுவும் உண்மைதான். சுற்றுவட்டாரத்தில் எந்த நோட்டைப் புரட்டினாலும் என் கையெழுத்துத்தான் இருக்கும். யார் யாருக்கு எவ்வளவு செய்முறை பாக்கி என்று நான் நெட்டுருப் போட்டு வைத்திருப்பேன் என்று நம்புகிறார்கள். ஏழாம் வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் இந்த மாதிரி நம்பிக் கேட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

நான் சாப்பிட உட்கார்ந்தபோது கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது. ரசம் இருந்தது. பாயச அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தாம்பூலப் பை தீர்ந்துபோய், ஒரு தேங்காயைத் தனியாகக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் கூட்டல். பக்கம் பக்கமாகக் கூட்டி, மஞ்சள் பையைக் கொட்டி எண்ணினால் நோட்டில் இருப்பதைவிடப் பணம் 201 ரூபாய் கூடுதலாக இருக்கிறது. குறைந்தால்கூடப் பரவாயில்லை, சில்லறை கொடுத்ததில் போயிருக்கும் என்று என் பையிலிருந்து போட்டு முடித்துவிடலாம். கூடினால் யாரோ ஒருவர் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பெயர் விட்டுப்போனவர் அடுத்த நல்லது கெட்டதுக்கு இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார். பெரியப்பா முகம் செத்துப்போய்விட்டது. க்யூஆர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் யாரோ தாளை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். "ஆளக் கண்டுபிடிச்சுக் குடுங்க சார்வாள்" என்று பொறுப்பையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்.

விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை அந்த 201 ரூபாய் தன்னுடையதுதான் என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் மாடசாமி மகன் கருப்பசாமி.